பாலைவனத்தில் வீட்டைக் குளிர வைப்பது எப்படி: ஒட்டகம் காட்டும் வரிசை, படிப்படியாக

ஒட்டகத்தின் முடியை ஒட்டக் கத்தரித்துவிட்டால் அது சுமார் 50 சதவீதம் அதிகமாகத் தண்ணீரை இழக்கிறது. க்னூட் ஷ்மிட்-நீல்சன் என்ற உடலியல் ஆய்வாளர் 1950களில் அல்ஜீரியச் சகாராவில் அளந்து பார்த்துச் சொன்னது இது. வெயிலை வெளியிலேயே நிறுத்தும் போர்வை போனால், உள்ளே வந்த வெப்பத்தைத் தண்ணீர் செலவழித்துத்தான் வெளியேற்ற வேண்டும். வீட்டுக்கும் இதே கணக்குதான்.

ஜோத்பூர், ஜெய்சல்மர் பக்கம் சில வீடுகளிலும் ஒரு சின்ன விடுதியிலும் வேலை பார்த்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மேலே வீசும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கும் காற்றுக் கோபுரத்தின் படத்தோடும் முற்றத்தில் ஒரு நீரூற்றோடும்தான் ஆரம்பிக்கிறார்கள். கூரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒட்டகம் செய்யும் வரிசையோ இதற்கு நேர் எதிர்: முதலில் வெயிலுக்கு உடம்பைக் குறைவாகக் காட்டும், பிறகு முடியால் தடுக்கும், உள்ளே வந்ததை உடம்பில் சேர்த்து வைத்து இரவில் விடும், அதற்கும் மேல் போனால்தான் வியர்க்கும். இந்த வழிகாட்டி அதே வரிசையில் போகிறது, ஏதாவது ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியின் செலவு கூடும், அதனால் வரிசையை மாற்றாதீர்கள்.

எடுத்துக்கொண்டிருப்பது தார் பாலைவனம், ஒரு மாடி வீடு. மற்ற வறண்ட ஊர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். துபாய், தோஹா மாதிரிக் கடலோரப் பாலைவனத்தில் இருப்பவர்கள் 8ஆவது படியை மட்டும் விட்டுவிடுங்கள், காரணம் அங்கேயே இருக்கிறது.

1. வரைபடத்துக்கு முன் நான்கு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலாவது, மாதவாரியாகப் பகல் உச்சமும் இரவுக் குறைவும். ஜெய்சல்மரில் மே மாதம் பகலில் சராசரியாக 41, 42 டிகிரி, விடியற்காலையில் 26 அளவில். இந்த 15 டிகிரி இடைவெளிதான் உங்கள் மூலதனம். இடைவெளி 8 டிகிரிக்குக் கீழே போகும் ஊரில் 4ஆவது படியும் 7ஆவது படியும் பெரிதாகக் கைகொடுக்காது.

இரண்டாவது, ஈரப்பதம். மே மாதத்தையும் ஜூலை மாதத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். வருடச் சராசரியை எடுத்து வேலை செய்தால் இரண்டு பருவத்திலும் தவறுவீர்கள்.

மூன்றாவது, மனையில் ஒரு குழி. ஜோத்பூரில் பல இடங்களில் இரண்டு அடிக்குக் கீழே கடப்பாரை இறங்காது. பூமிக்குள் நாலு மீட்டர் ஆழத்தில் வருடம் முழுக்க வெப்பம் ஏறக்குறைய ஒரே அளவில், அந்த ஊரின் வருடச் சராசரிக்குப் பக்கத்தில் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் பாறையை உடைத்து நிலவறை கட்டும் செலவை முதலிலேயே தெரிந்துகொள்ளாமல் அதை நம்பி வரைந்தவர்கள் பாதியில் கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காவது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புக் கணக்கு. இது இப்போது எதற்கு என்று தோன்றும். கடைசிப் படிகளில் தேவைப்படும்.

2. வீட்டைச் சரியான பக்கம் திருப்புங்கள்

வெயிலில் படுக்கும் ஒட்டகம் சூரியனைப் பார்த்தபடி நீளவாக்கில் படுக்கும், விலாப்பக்கம் வெயிலுக்குக் கிடைக்காது. வீட்டை நகர்த்த முடியாது, அதனால் ஒரு முறைதான் வாய்ப்பு.

நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கட்டும், குட்டையான சுவர்கள் கிழக்குக்கும் மேற்குக்கும். தெற்கு வெயில்தான் மோசம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஜெய்சல்மர் சுமார் 27 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஜூன் 21 நண்பகலில் சூரியன் அங்கே 86 டிகிரிக்கு மேல், கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்கும். தெற்குச் சுவரில் அது உரசிக்கொண்டுதான் போகும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக நேருக்கு நேர் அடிப்பது கிழக்கும் மேற்கும்தான், அதிலும் மேற்கு வெயில் காற்று ஏற்கெனவே கொதித்துப்போன நேரத்தில் வருகிறது.

மேற்கில் குளியலறை, படிக்கட்டு, சாமான் அறை வையுங்கள். யாரும் உட்காராத அறைகள் வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். மனை ஏற்கெனவே மேற்குப் பார்த்து அமைந்துவிட்டதென்றால் சுவருக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு தூண் தாழ்வாரமோ பந்தலோ போட்டு நிழலைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

3. கூரை: பாதி வேலை இங்கேதான்

ஒரு மாடி வீட்டில் வெயில் அதிகம் விழும் இடம் கூரை. நடுப்பகலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் ஒரு கிலோவாட் விழும். 100 சதுர மீட்டர் கூரை என்றால் 100 கிலோவாட், அதாவது உங்கள் தலைக்கு மேல் ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் நூறு ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி. பணம் ஒரு இடத்துக்குத்தான் போதும் என்றால் கூரைக்குப் போடுங்கள்.

இங்கே இரண்டு உயிரினங்களைப் பார்க்க வேண்டும். நெகேவ் பாலைவனத்தில் ஒரு வெள்ளை நத்தை இருக்கிறது. தரை 65 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போதும் வெட்டவெளியில் உயிரோடு கிடக்கும். வெள்ளை ஓடு வெயிலில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் திருப்பி அனுப்பிவிடும். நத்தை ஓட்டின் மேல் சுற்றுகளுக்குள் ஏறிக்கொண்டு, தரையைத் தொடும் பெரிய சுற்றைக் காற்றோடு காலியாக விட்டுவிடும். வெள்ளைத் தோல், அதற்கடுத்து ஒரு காற்றுத் தடுப்பு.

இரண்டாவது சகாராவின் வெள்ளி எறும்பு. அதன் முதுகு ரோமங்கள் முக்கோணக் குறுக்குவெட்டுக் கொண்டவை என்றும், அவை வெயிலைத் திருப்பி அனுப்புவதோடு உடம்பின் சூட்டை அகச்சிவப்புக் கதிராக வானத்துக்கு விட்டுவிடவும் உதவுகின்றன என்றும் 2015இல் ஆய்வு வெளியானது. இந்த இரண்டாவது வேலைதான் நம் ஆட்கள் தவறவிடுவது. பளபளக்கும் உலோகத் தகடு வெயிலைத் திருப்பும், ஆனால் தன் சூட்டை எளிதில் விடாது, அதனால் தொட்டால் கை வெந்துபோகும். சுண்ணாம்பும் வெள்ளை ஓடும் இரண்டையும் செய்யும். அதனால் பளபளப்பு வேண்டாம், பால் வெள்ளைதான் வேண்டும்.

அடுக்கும் வரிசை, கீழிருந்து மேலாக: கல் பலகை அல்லது கான்கிரீட் தளம், நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு, 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை (வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான பிளாஸ்டிக் நுரைப் பலகை), 4 செ.மீ. சாந்து சரிவோடு, அதன் மேல் உடைத்த வெள்ளை டைல்ஸ். தடுப்புப் பலகை ஏன் தளத்துக்கு மேலே? கீழே ஒட்டினால் கல் பகலெல்லாம் வெயிலில் காயும், விரிந்து சுருங்கி வெடிக்கும், உள்ளே இருக்கிற காற்றுக்கும் அந்தக் கல்லின் குளிர்ச்சி கிடைக்காது. மேலே போட்டால் கல் அறையோடு சேர்ந்துவிடும். கல் தடிமனாக இருந்தால் போதாதா என்றும் கேட்பார்கள். அந்த 5 செ.மீ. பலகை தடுக்கும் வெப்பத்தை மணற்கல்லால் மட்டும் தடுக்கச் சுமார் 3 மீட்டர் தடிமன் வேண்டும்.

பலகைக்குப் பணமில்லை என்றால் மண் பானைகளைக் கவிழ்த்து நெருக்கமாக அடுக்கி, இடுக்குகளில் மண்ணும் சுண்ணாம்பும் இட்டு மேலே ஓடு பதிக்கலாம். நத்தை ஓட்டின் காலிச் சுற்று மாதிரி உள்ளே காற்று நிற்கும். இடுக்குகளைச் சிமென்ட் கலவையால் திணித்து நிரப்பிவிடாதீர்கள், வெப்பம் அந்த வழியாகவே இறங்கிவிடும், பாரமும் கூடும். தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

அப்புறம், தூசி. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஆந்தி என்று அங்கே சொல்லும் புழுதிப் புயல் அடிக்கும், இரண்டு புயலில் வெள்ளைக் கூரை பழுப்பாகிவிடும். ஒரு வீட்டில் மே மாதம் கூரையின் அடிப்பக்கம் திடீரென்று சூடாகிறது என்று கூப்பிட்டார்கள், ஏறிப் பார்த்தால் செருப்புத் தடம் பதிகிற அளவு மண். துடைப்பத்தால் பெருக்கியதும் மறுநாளே வித்தியாசம் தெரிந்தது. மொட்டைமாடிக்குப் படிக்கட்டு கட்டாயம் வையுங்கள். ஏணி வைத்து ஏறும் கூரையை யாரும் பெருக்கப் போவதில்லை.

4. சுவர்: வெப்பம் எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் தன் உடல் வெப்பத்தைக் காலையில் 34 டிகிரியில் ஆரம்பித்து மாலைக்குள் 40க்கு மேல் ஏற விட்டுவிடும். வியர்த்துக் கொட்டாமல் வெப்பத்தை உடம்பிலேயே சேமித்து, இரவுக் குளிரில் விடும். கனமான சுவர் செய்வதும் அதுதான்.

கல் சுவரில் வெளிச்சூடு உள்ளே வந்து சேரும் நேரம் தோராயமாக: 23 செ.மீ. என்றால் 5 மணி, 30 செ.மீ. என்றால் 7 மணி, 45 செ.மீ. என்றால் 10 மணி. ஹவேலி என்னும் அந்தப் பக்கத்துப் பழைய மாளிகைகளின் சுவர்கள் ஏன் அவ்வளவு தடிமன் என்பது இதில் புரிந்துவிடும்.

இதை வைத்து அறை அறையாகக் கணக்குப் போடுங்கள். மாலை 4 மணிக்கு 23 செ.மீ. மேற்குச் சுவரில் அடித்த வெயில் இரவு 9 மணிக்குப் படுக்கையறைக்குள் வரும். 45 செ.மீ. கட்டினாலும் பின்னிரவு 2 மணிக்கு வரும், அது இன்னும் மோசம். அதனால்தான் மேற்குச் சுவருக்குத் தடிமனைவிட நிழல் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கனமான அறைகளைப் பகலில் புழங்குவதற்கு வையுங்கள். இரவில் தூங்க மொட்டைமாடியோ, மெல்லிய சுவர் கொண்ட காற்றோட்டமான மாடி அறையோ வையுங்கள், அந்த ஊர் மக்கள் கோடையில் மாடியில் படுப்பது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இங்கே பெரிய தவறு, சுவரின் உள்பக்கம் தெர்மோகோல், ஜிப்சம் பலகை ஒட்டி அழகுபடுத்துவது. கல்லுக்கும் அறைக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகும், 45 செ.மீ. கல் கட்டிய பணம் முழுக்க வீண். உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சு போதும்.

5. ஜன்னல், சன்ஷேட், ஜாலி

தெற்கு ஜன்னலுக்குக் கணக்கு எளிது. மார்ச் 21, செப்டம்பர் 22 ஒட்டிய நாட்களில் ஜெய்சல்மரில் தெற்குப் பக்கத்துக்கு வெயில் 63 டிகிரிக் கோணத்தில் வரும். 120 செ.மீ. உயர ஜன்னலுக்கு 60 செ.மீ. சன்ஷேட் வைத்தால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நேர் வெயில் உள்ளே விழாது. டிசம்பரில் சூரியன் 40 டிகிரிக்கு இறங்கிவிடும், அப்போது ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மேல் வெயில் வரும், பாலைவனக் குளிர்காலத்தில் அது வேண்டியதுதான். ஜன்னலின் மேல்விளிம்பை ஒட்டியே சன்ஷேட் இருக்க வேண்டும், ஒரு அடி மேலே தள்ளிப் போட்டால் கணக்கு மாறிவிடும்.

கிழக்கிலும் மேற்கிலும் சன்ஷேட் எவ்வளவு நீட்டினாலும் தாழ்ந்த வெயில் அடியில் புகுந்துவிடும். அங்கே ஜன்னலைச் சிறிதாக்கி, வெளியே மூடும் மரக்கதவு போடுங்கள். கண்ணாடிக்கு உள்ளே திரை போடுவது வெயிலை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் பிறகு மறைப்பது.

ஜாலியைப் பற்றி, அதாவது துளைகள் போட்ட கல் திரை. சப்பாத்திக்கள்ளியின் உறவான தூண் கள்ளிகளின் விலா மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று நிழல் போட்டுக்கொள்கின்றன, ஜாலியின் துளைச் சுவர்களும் அப்படித்தான். துளையின் அகலம் கல்லின் தடிமனைத் தாண்டக் கூடாது. 5 செ.மீ. கல்லில் 5 செ.மீ. துளை என்றால் 45 டிகிரிக்கு மேல் நிற்கும் சூரியன் நேராக உள்ளே வர முடியாது. பூவேலை பெரிதாக இருக்கட்டும் என்று 2 செ.மீ. பலகையில் உள்ளங்கை அகலத் துளை போட்டுவிடுகிறார்கள், அது வெறும் அலங்காரம். சரியான அளவில் செய்த ஜாலியும் சாயங்கால மேற்கு வெயிலைத் தடுக்காது, எனவே மேற்கில் அதை மட்டும் நம்பாதீர்கள்.

ஜாலி தானும் சூடாகும். அதைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் அந்தச் சூடு அறைக்குள்தான் வரும். ஜெய்ப்பூரின் பெர்ல் அகாடமி கட்டடத்தில் ஜாலியைச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி நிறுத்தியிருக்கிறார்கள், இடையில் காற்று ஏறிப் போய்விடும். வீட்டுக்கு அவ்வளவு இடமிருக்காது, ஒரு அடி இடைவெளியாவது விட்டு மேலும் கீழும் திறந்து வையுங்கள்.

6. முற்றமும் மரமும்

முற்றத்தின் அகலம் சுற்றுச் சுவரின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். குறுகலாக இருந்தால் காலை, மாலை நிழல் கிடைக்கும், இரவில் வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிர்ந்த காற்று கீழே தேங்கி அறைகளுக்குள் இறங்கும். ஆனால் நண்பகலில் சூரியன் உச்சியில் நிற்பதால் எவ்வளவு குறுகலான முற்றத்திலும் தரையில் வெயில் விழும். கம்பியில் ஓடும் வெள்ளைத் துணி ஒன்று கட்டி, காலை 9 மணிக்கு இழுத்து மூடி மாலை 6 மணிக்குத் திறங்கள். திறக்க மறந்தால் இரவில் சூடு போக வழியில்லை. தரைக்குக் கறுப்புக் கல் வேண்டாம்.

மரம் என்றால் கேஜ்ரி. நம்மூர் வன்னி மரம்தான் அது. ஆழமாக வேர் விடும், கோடைக்கு முன்பே புதுத்தளிர் விட்டு, வெயில் உச்சத்தில் இருக்கும்போது பச்சையாக நிற்கும். மெதுவாகத்தான் வளரும். அதனால் அஸ்திவாரம் தோண்டுகிற அன்றே மேற்குப் பக்கம் நட்டுவிடுங்கள், வீடு முடிந்த பிறகு நடலாம் என்று தள்ளிப்போட்டால் பல கோடை போய்விடும்.

7. பகலில் மூடு, இரவில் திற

சாண்டா என்று அங்கே சொல்லும் முள்வால் பல்லி வளைக்குள் போனதும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெளிக்காற்று 42 டிகிரியில் இருக்கும்போது ஜன்னலைத் திறப்பது அடுப்பு வாயைத் திறப்பது போல. நம்மூர்ப் புழுக்கத்தில் வளர்ந்த நமக்கு, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைக்கும் பழக்கம் விடாது. இங்கே விட்டாக வேண்டும்.

சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மூடுங்கள். வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்த பிறகு திறங்கள், மே மாதத்தில் பெரும்பாலும் இரவு 8, 9 மணி ஆகும். கடிகாரத்தை நம்பாதீர்கள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு வெப்பமானி வையுங்கள். அதிகாலை 4 முதல் 6 வரைதான் மிகக் குளிர்ந்த காற்று கிடைக்கும், எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும். ஆகவே கம்பியும் கொசுவலையும் முதலிலேயே போடுங்கள். திருட்டுப் பயத்தால் இரவில் மூடிவைக்கும் வீட்டில் இந்த வழிகாட்டியின் பாதி வேலை செய்யாது.

வேண்டிய காற்றளவு: 4 மீட்டருக்கு 5 மீட்டர், 3 மீட்டர் உயரமுள்ள அறையில் 60 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்குப் பத்துத் தடவை மாற்றினால் 600 கன மீட்டர். காற்றடிக்காத இரவுகளில் இது தானாக நடக்காது. உயரத்தில் ஒரு 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, எதிர்ப்பக்கம் தாழ்வாக ஜன்னலைத் திறந்தால் போதும்.

காற்றுக் கோபுரத்தை இந்தப் படிக்குப் பிறகுதான் யோசிக்கச் சொல்வேன். கோடைப் பகலில் லூ என்னும் அனல்காற்று மேற்கிலிருந்து புழுதியோடு வரும், மூடும் கதவில்லாத கோபுரம் அதையெல்லாம் உறிஞ்சிப் படுக்கையில் கொட்டும். கதவோடு கட்டி, இரவில் மட்டும் திறந்தால் நல்ல கருவி.

8. தண்ணீர், கடைசியில்

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வலிமையான ஆயுதம், தார் பாலைவனத்தில் அரிதான ஆயுதம். முதல் ஏழு படிகளும் முடிந்த வீட்டில் கொஞ்சம் தண்ணீர் போதும், முடியாத வீடு கத்தரித்த ஒட்டகம்.

மே மாதம் 42 டிகிரி, 15 சதவீத ஈரப்பதம் என்று வையுங்கள். ஈரக்குமிழ் வெப்பநிலை, அதாவது தண்ணீரை ஆவியாக்கி அந்தக் காற்றை அதிகபட்சம் இறக்கக்கூடிய அளவு, 22 டிகிரி வரும். 70 சதவீதத் திறனுள்ள ஏர்கூலரோ நனைத்த வெட்டிவேர்த் தட்டியோ காற்றை 28 டிகிரிக்குக் கொண்டுவரும். ஜூலையில் 36 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் என்றால் அதே கருவி 31 டிகிரிக்குத்தான் இறக்கும், காற்றும் பிசுபிசுக்கும். கடலோர ஊர்களில் கோடை முழுக்க ஏறக்குறைய இந்த ஜூலை நிலைமைதான், அதனால்தான் அவர்களை இந்தப் படியை விடச் சொன்னேன்.

வெட்டிவேர்த் தட்டியைக் காற்று வரும் பக்கத்துக் கதவில் தொங்கவிட்டு, எதிர்ப்பக்கம் காற்று வெளியேற வழி விடுங்கள். வழி விடாமல் ஏர்கூலர் ஓட்டினால் ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், பிறகு எவ்வளவு ஊற்றினாலும் குளிராது. உப்பு அதிகமான தண்ணீர் என்றால் (1ஆவது படியில் அளந்தது) தட்டியிலும் கூலர் பேடிலும் வெள்ளையாகப் படிந்து அடைக்கும், தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதியைத் தினமும் திறந்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். திறந்துவிட்ட தண்ணீர் உப்புத் தாங்கும் மரத்துக்குப் போகட்டும். தேங்கிய குளம், அலங்கார நீரூற்று வேண்டாம், வெட்டவெளியில் ஆவியாவது உங்கள் அறையைக் குளிர்விக்காது, கொசு மட்டும் வளரும். 3ஆவது படியில் தடுப்புப் பலகை போட்ட கூரை மேல் தண்ணீர் தெளிப்பதும் வீண், குளிர்ச்சி பலகையைத் தாண்டிக் கீழே இறங்காது.

9. முதல் கோடையில் ஒரு வாரம் அளந்து பாருங்கள்

மே மாதத்தில் ஒரு வாரம், ஏர்கூலரை நிறுத்திவிட்டு, மூன்று இடங்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அளவு எடுங்கள்: வெளியே நிழலில், அறை நடுவில், கூரையின் அடிப்பக்கத்தில். குறித்து வைத்த தாளே எந்தப் படியில் தவறு என்று சொல்லிவிடும்.

கூரை அடிப்பக்கம் அறைக்காற்றைவிடச் சூடாக இருந்தால் 3ஆவது படிக்குத் திரும்புங்கள், முதலில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு. அறை உச்சச் சூடு இரவு 9 மணிக்கு மேல் வந்தால் மேற்குச் சுவருக்கு நிழல் போதவில்லை. வெளியே ஏறும்போதே உள்ளேயும் கூடவே ஏறினால் எங்கோ பகலில் காற்று புகுகிறது, கதவிடுக்கையும் எக்ஸாஸ்ட் ஃபேன் துளையையும் பாருங்கள், அந்தத் துளைக்கு மூடி போட மறப்பது அடிக்கடி நடக்கும். காலை 6 மணிக்கு உள்ளே வெளியைவிட 5 டிகிரிக்கு மேல் சூடு என்றால் இரவுக் காற்று போதவில்லை, ஃபேன் இன்னொன்று வேண்டும், அல்லது யாரோ நடுராத்திரியில் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார்கள்.